திட்டமிட்ட அறுவை மகப்பேறு: நம் வீடுகள் அறிந்திருக்க வேண்டியவை

 

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், கல்லூரி, தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் உரையாற்றினர். இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிசேரியன் என்று வழங்கும் அறுவை மகப்பேறு. இளைஞர் நிறைந்த அவையில் இதனைப் பேசலாமா என்று சிலர் தயங்கினர். பேசத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. பிள்ளைப்பேறு பெண்களின் காரியம் என்று ஆண்கள் ஒதுங்கி நிற்பதன் விலையை நம் பெண்களே செலுத்தி வருகின்றனர்.

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில், ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகாலச் சலுகை அளிக்கும் மசோதாவை ஆதரித்து உரையாற்றினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நன்மைக்கே என்பது அவரது வாதம். அம்மசோதா 1929-இல் சட்டமாயிற்று. அவர் வழி நடப்போர் நாம் என்றால், நம் வீட்டுத் தாய்மாரின் ஓய்வைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம் எதற்கு?

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை வழியாக நிகழ்ந்தன. அரசு மருத்துவமனைகளில் அது 36. தனியார் மருத்துவமனைகளில் 64. இந்தியா முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 22. ஆதலின் இது எங்கோ யாருக்கோ நேர்வதன்று. நம் தெருவில் பிள்ளை பெறும் பெண்களுள் பலருக்கும் நேரக்கூடியது. ஆயினும் அறுவை அரங்கின் வாயிலில் நிற்கும் வரை, உள்ளே என்ன நடக்கும் என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

நாங்கள் அறிந்த ஒரு தாயின் அனுபவத்தை இங்கே கூறுகிறோம். ஒரு மருத்துவமனையில் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்திடச் சொன்னார்கள். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தாளைப் படிக்க முயன்றபோது, "படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டார்கள். அவர் கையெழுத்திட்டார். வீடு திரும்பிய பதினைந்தாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கினார். தையல் பிரிந்தது, சீழ் கண்டது, மறுபடியும் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். குடம் தூக்கலாகாது என்று அவருக்கும் எவரும் சொல்லவில்லை. அவர் கணவருக்கும் எவரும் சொல்லவில்லை. அவ்விரண்டு குறைகளையும் நீக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இவ்வறுவை ஏன் தேவைப்படுகிறது? வலி கண்டபின் இடையூறு நேர்ந்து அவசரமாகச் செய்வது ஒரு வகை. முன்னரே நாள் குறித்துச் செய்வது மற்றொரு வகை. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியிருத்தல், குழந்தை குறுக்கே கிடத்தல், கால்பக்கம் கீழாக இருத்தல், முன்பு இரண்டு மூன்று முறை அறுவை நடந்திருத்தல் ஆகியவை நாள் குறிப்பதற்குரிய காரணங்களுட் சில. முன்பு ஒரே ஒரு முறை அறுவை நடந்திருந்தால், அடுத்ததும் அறுவையாகவே இருக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. பழைய வெட்டு எத்தகையது, கருப்பையின் நிலை என்ன என்று பார்த்து, தக்க வசதியுள்ள மருத்துவமனையில் இயல்பான பேற்றுக்கு முயலலாம். ஆகவே மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டறிய வேண்டும். அறுவைக்குக் காரணம் என்ன? வேறு வழி உண்டா? இந்த நாளைக் குறித்தது ஏன்? இவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. அது தாயின் உரிமை.

வேறு இடையூறு இல்லாதபோது, 39 வாரம் நிறைந்த பின்னரே நாள் குறிப்பது முறை. அதற்கு முன் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் உண்டாகும் வாய்ப்பு மிகுதி; நுரையீரல் முழு முதிர்ச்சி பெற்றிராது என்பதே காரணம். பஞ்சாங்கத்தைப் புரட்டி, நல்ல நட்சத்திரம் என்று கூறி 37-ஆம் வாரத்தில் நாள் கேட்கும் பழக்கம் இன்று நம்மிடையேயும் நுழைந்துள்ளது. பிறப்பைக் காட்டி நம்மைத் தாழ்த்திய அதே நம்பிக்கைகளின் பெயரால், நம் குழந்தைகளைக் குறைமாதத்தில் வெளியே எடுப்பது எத்துணைப் பேதைமை!

அறுவை எளிய வழி என்று எண்ணுவதும் பிழை. இரத்தப்போக்கு, தொற்று, கால் நரம்பில் இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் இதில் உண்டு. அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து, ஒவ்வோர் அறுவைக்கும் கூடிக்கொண்டே போகும். தேவையான இடத்தில் இவ்வறுவை இரண்டு உயிர்களைக் காக்கிறது. தேவையற்ற இடத்தில் ஒரு சுமையைச் சேர்க்கிறது.

இனி, முன்னேற்பாடுகள். முதன்மையானது இரத்தசோகையை நீக்குதல். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். தேநீருடன் சேர்த்து விழுங்கலாகாது. முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றுடன், நம் வீடுகளில் சமைக்கும் மாட்டிறைச்சியும் இரும்புச்சத்து மிக்க உணவே. அதனை உண்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. தாயின் இரத்தப் பிரிவை முன்பே அறிந்து, இரத்தம் தருவோரை ஏற்பாடு செய்ய வேண்டும். இளைஞர்களே, 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உடைய எவரும் இரத்தம் வழங்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வழங்கலாம். இவ்விழாவின் நினைவாக நம் ஊரில் இரத்தம் தருவோர் பட்டியல் ஒன்று எழுதப்படுமாயின், அதுவே சிறந்த நினைவுச் சின்னமாகும்.

ஒப்புதல் தாளைப் படிக்காமலும், படித்துக் கேட்காமலும் கையெழுத்திடலாகாது. கருத்தடை அறுவைக்கும், பேற்றுடன் கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி சாதனத்திற்கும் தனித்தனி ஒப்புதல் வேண்டும். அவை நல்ல வழிகளே. ஆனால் தாய் அறிந்து, விரும்பி ஏற்றால் மட்டுமே செய்யத்தக்கவை.

அறுவை நாளன்று வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். உணவை எப்போது நிறுத்துவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனை கூறும் நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். நகைகள், மெட்டி ஆகியவற்றைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். கையில் மருந்து நீர் ஏற்றுவர். சிறுநீர் வெளியேற மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவர். தொற்றைத் தடுக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்துவர்.

பெரும்பாலோருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகை வளைத்து உட்காரவோ ஒருக்களித்துப் படுக்கவோ வைத்து, இடுப்புக்கு அருகே முதுகில் ஓர் ஊசி போடுவர். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே கதகதப்பும் கனமும் தோன்றி, உணர்ச்சி மரத்துப்போகும். தாய் விழித்திருப்பார். வலி தெரியாது, ஆனால் வயிற்றை இழுப்பது போலவும் அமுக்குவது போலவும் தெரியும். இது இயல்பே. நடுக்கம், குமட்டல், தலைசுற்றல் வரலாம். உடனே சொன்னால் மருந்து கொடுப்பர். வலி தெரிந்தாலும் தயங்காமல் சொல்லவேண்டும். அடிவயிற்றில் குறுக்காக வெட்டிய சில நிமிடங்களில் குழந்தை வெளியே வந்துவிடும். நஞ்சுக்கொடியை அகற்றி, கருப்பையையும் வயிற்றையும் அடுக்கடுக்காகத் தைப்பதற்கே மிகுதியான நேரம் ஆகும். இடையூறு இல்லாவிடில் எல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும்.

இந்த ஊசியால் வாழ்நாள் முழுதும் முதுகுவலி வரும் என்பது தவறான நம்பிக்கை. குனிந்து சுமப்பதும், முறையற்று அமர்ந்து பாலூட்டுவதும், தளர்ந்த தசைகளுமே அவ்வலிக்குப் பெரிதும் காரணம். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகத் தலை வலித்து, படுத்தால் தணியுமாயின், அது ஊசியால் வந்ததாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் கூறவேண்டும்.

குழந்தை நலமாயிருப்பின், தாயின் மார்போடு சேர்த்து, முதல் ஒரு மணி நேரத்திலேயே பாலூட்டத் தொடங்கலாம். மஞ்சள் நிறச் சீம்பாலே குழந்தைக்கு முதல் காப்பு. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் ஆகியவற்றைத் தொட்டு வைப்பது தீங்கு. தையல் மேல் பாரம் படாமல், பக்கவாட்டில் படுத்தோ, குழந்தையைக் கைக்கடியில் தலையணை மேல் தாங்கியோ பாலூட்டலாம்.

சில மணி நேரத்தில் கால்களில் உணர்ச்சி திரும்பும். அப்போது வலியும் தோன்றும். பாலூட்டும் தாய்க்குத் தீங்கற்ற வலிமருந்துகள் உண்டு, கேட்டுப் பெறலாம். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்கு அழகு என்பது நம்மை வாட்டும் வீண்பேச்சு. மருத்துவர் வேறுவிதமாகக் கூறாவிடில், அன்றோ மறுநாளோ பிறர் துணையுடன் எழுந்து நடக்கவேண்டும். இரத்தக்கட்டு வராமல் தடுப்பது இந்நடையே. இருமும்போதும் சிரிக்கும்போதும் தையலின் மேல் கையையோ தலையணையையோ அழுத்திக்கொண்டால் வலி குறையும்.

தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று கூறித் தாயை வாட்டும் வீடுகள் இன்றும் உள. இது முற்றிலும் தவறு. பாலூட்டும் தாய்க்குத் தாகம் மிகுதி. வேண்டிய அளவு தண்ணீர் கொடுக்க வேண்டும். சோறு, பருப்பு, கீரை, பழம், முட்டை, மீன், இறைச்சி எல்லாம் கொடுக்கலாம். வெறும் ரசச்சோற்றால் புண் ஆறாது. புண்ணைச் சுத்தமாகவும் ஈரமின்றியும் வைத்திருந்தால் போதும். மஞ்சளோ எண்ணெயோ சாம்பலோ பூசலாகாது.

வீடு திரும்பிய பின் ஆறு வாரம் மிக இன்றியமையாத காலம். வெளியே தெரியும் தையல் விரைவில் ஆறிவிடும். உள்ளே உள்ள அடுக்குகள் ஆறுவதற்கு நாட்கள் வேண்டும். குழந்தையின் எடைக்கு மேற்பட்ட எதனையும் தாய் தூக்கலாகாது. குடம், விறகு, மூத்த பிள்ளை எதுவுமே கூடாது. ஆனால் படுத்தே கிடப்பதும் நன்றன்று. வீட்டினுள் மெல்ல நடமாட வேண்டும். இரத்தப்போக்கு நாளுக்கு நாள் குறைந்து, ஆறு வாரம் வரை இருக்கலாம். தாம்பத்திய உறவு தாயின் உடலும் மனமும் தேறிய பின்னரே. அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி தருவது நலம்.

பின்வரும் குறிகளுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்: காய்ச்சல், தையலில் சிவப்பு, வீக்கம், சீழ், ஒரு மணி நேரத்திற்குள் துணி முழுதும் நனையும் இரத்தப்போக்கு, நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு. இரண்டு வாரத்திற்கு மேலும் ஓயாத அழுகை, உறக்கமின்மை, தன்னையோ குழந்தையையோ வெறுக்கும் எண்ணம் இருப்பின், அதுவும் நோயே. பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் அழைத்துச் செல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உரிமைகளையும் அறிக. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் அறுவை, மருந்து, இரத்தம், ஏழு நாள் வரை உணவு, வீடு திரும்ப ஊர்தி ஆகிய அனைத்தும் இலவசம். குழந்தையைக் காட்டவும் தள்ளுவண்டி தள்ளவும் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104 என்னும் எண்ணில் முறையிடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018 முதல் ஏழைத் தாய்மாருக்குத் தவணைகளாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியை வழங்குகிறது. அதற்குக் கருவுற்ற தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மாதச் சம்பளம் பெறும் பெண்களுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. நடவுக்கும் செங்கல் சூளைக்கும் செல்லும் நம் பெண்களுக்கு அவ்விடுப்பு எட்டுவதில்லை. ஒருநாள் ஓய்ந்தால் ஒருநாள் கூலி போயிற்று. எனவே அவர்களின் ஓய்வுக்கு வீடும் தெருவும் பொறுப்பேற்க வேண்டும். கணவன் ஆறு வாரம் குடம் தூக்கட்டும், துணி துவைக்கட்டும், சோறு வடிக்கட்டும். அதனால் எந்த ஆண்மையும் குறைந்துவிடாது. அண்டை வீட்டார் முறைவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தரட்டும். மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டை நம் பட்டா போல் காத்து வையுங்கள். அடுத்த பேற்றில் மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்தறிவு, கையில் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடும் துணிவாக நம் பெண்களிடம் வளரட்டும். குடத்தை வாங்கிச் சுமக்கும் பொறுப்பாக நம் ஆண்களிடம் வளரட்டும். இதனைக் கேட்ட ஒவ்வொருவரும், தம் தெருவில் கருவுற்றிருக்கும் ஒரு தாயிடமும் அவர் கணவரிடமும் இன்றிரவே இச்செய்திகளைக் கூறுமாறு வேண்டி அமைகிறோம்.