கருவியும் அதன் குறிப்பும்

(ஊராட்சி ஒன்றியப் பணியாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊராட்சிக்குத் திட்டம் வகுக்க அமரும்போது நமக்கு முதலில் வேண்டுவன எண்களே. விலைவாசி எவ்வளவு ஏறியது, வேலையின்றி இருப்போர் எத்தனை பேர் என்று அறியாமல் வகுக்கும் திட்டம், நிலத்தை அளக்காமல் வரப்புப் போடுவதை ஒக்கும். முன்னர் இவ்வெண்களுக்காக அறிக்கைகளைப் புரட்டி வந்தோம். இன்றோ செயற்கை அறிவு முகவர் எனப்படும் மென்பொருளிடம் கேட்டால், அதுவே தரவுத் தளத்துள் சென்று தேடி எடுத்து வருகிறது. இவ்வசதியைப் புகழ்வோர் பலர். அம்முகவருக்கு வழி சொல்லும் குறிப்பைப் பற்றி நினைப்போர் சிலரே. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இத்தகைய முகவர்கள் வெளித் தரவுகளை அணுகுவதற்கென மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. கருவியின் பெயர் யாது, அது என்ன செய்யும், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்கும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூனில் இ-சாங்கியகி தளத்தைத் தொடங்கியது. 2026 பிப்ரவரியில் அத்தளத்திற்கு இந்நெறிமுறைப்படி ஒரு சேவையைச் சோதனை நிலையில் அளித்தது. இன்ன கணக்கெடுப்பு, அதில் இன்ன குறியீடு, இன்ன மாநிலம், இன்ன ஆண்டு என்று படிப்படியாக இறங்கியே முகவர் எண்ணை எடுக்கிறது.

அலுவலகக் கையேடுகள் பெரும்பாலும் அலமாரியில் உறங்குவதை நாம் அறிவோம். இந்தக் குறிப்புக்கு அந்த நிலை இல்லை. முகவர் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. அதில் எழுதாததைத் தானாக ஊகித்துக் கொள்ளவும் கூடும். இடர் இங்கேதான் இருக்கிறது.

வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் பணியகம் வெளியிடும் இவ்வெண் 2025 மே வரை 1986-87ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு கணிக்கப்பட்டது. அம்மாதத்தில் அது 1,305. ஜூன் முதல் அடிப்படை ஆண்டு 2019 ஆயிற்று. எண்ணும் 135ஐ ஒட்டி இறங்கிற்று. விலை குறையவில்லை, அளவுகோல் மாறியது, அவ்வளவே. இரண்டு தொடரையும் இணைக்கும் காரணி ஏறத்தாழ 9.7. இந்த ஒரு வரி குறிப்பில் இல்லையேல், ஒரே மாதத்தில் விலைவாசி பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது என்று முகவர் பணிவோடு எழுதித் தரும். கூலியைக் கணக்கிடுபவர் அதை நம்பினால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையின்மை இன்னும் நுட்பமானது. 2023-24ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை வழக்கமான நிலைப்படி 3.2 விழுக்காடு, நடப்பு வார நிலைப்படி 4.9 விழுக்காடு. இரண்டும் சரியே. முன்னது ஓராண்டை நோக்குகிறது; பின்னது ஏழு நாள்களை மட்டும் நோக்குகிறது. நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் வேலை தேடிச் சும்மா இருக்கும் கூலியாள், முதற் கணக்கில் வேலையுள்ளவர். அந்த வாரக் கணக்கில் வேலையற்றவர். எதைக் கேட்டால் எது வரும் என்று குறிப்பு சொல்ல வேண்டும். கேட்பவர் கூறாவிடில் அவரைத் திருப்பிக் கேட்குமாறும் சொல்ல வேண்டும்.

இல்லாததை இல்லை என்று எழுதுவதும் குறிப்பின் கடமையாகும். இந்த மாதிரிக் கணக்கெடுப்பு ஊராட்சி ஒன்றிய அளவில் விகிதம் தருவதில்லை. இதை எழுதாவிடில், மாநில எண்ணையே நம் ஒன்றியத்தின் எண்ணாக முகவர் நீட்டக்கூடும். பிழைச் செய்தியும் அவ்வாறே. வெறும் பிழை எண்ணைக் காட்டுவதால் யாருக்குப் பயன்? "மாநிலக் குறியீடு விடுபட்டது, பட்டியலில் பார்த்துக் கொடுக்கவும்" என்றால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

குறிப்பை எழுதுவோர் பெரும்பாலும் மென்பொருள் வல்லுநர். கணக்கெடுப்பின் உட்பொருள் அறிந்தோரோ புள்ளியியல் அலுவலர். இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதினாலன்றிக் குறிப்பு உருப்படாது என்பது எங்கள் கருத்து.

நம் அளவில் இப்போதே செய்யக் கூடியது ஒன்று உண்டு. அச்சிட்ட அறிக்கையிலிருந்து விடை தெரிந்த பத்துக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை முகவரிடம் கேட்டு, விடைகளை ஒரு பதிவேட்டில் எழுதி ஒப்பிடுங்கள். எண்ணுடன் கணக்கெடுப்பின் பெயர், காலம், அடிப்படை ஆண்டு அல்லது கணிப்பு முறை, பகுதி ஆகியவையும் வந்தனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அவ்விடையைக் கோப்பில் சேர்க்காமல் திருப்பிக் கேளுங்கள்.