எச்சரித்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வீடியோ கேம் ஆடினா வலிப்பு வருமா சார்?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் வராது. வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்குத்தான் விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் ஆகாது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில்தான் இது வெளிப்படுகிறது. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளி இவர்களுக்கு ஆபத்து. மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டி வேகமாகப் போகும்போது, மரங்களுக்கு நடுவே வெயில் பளிச் பளிச்சென்று அடிக்கிறதே, அதுவே சிலருக்குப் போதும்.

வெயிலைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் கேமை ஒருவர் வடிவமைத்து விற்கிறார். அவருக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?

1997 டிசம்பர் 16 அன்று மாலை ஜப்பான் டி.வி.யில் போகிமான் கார்ட்டூன் ஓடியது. வீடியோ கேமிலிருந்து பிறந்த கார்ட்டூன் அது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னின. அன்று 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு கண்டவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை!

இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு ஆடவும்" என்று பல கேம்களில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போடுகிறார்கள். தனக்கு இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைக்கு அந்த வரி என்ன காவல் தரும்? 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேமை மதிப்புரைக்காக ஆடிய ஒரு பத்திரிகையாளருக்கு வலிப்பு வந்தது. விஷயம் வெளியே வந்த சில நாட்களில் கம்பெனி எச்சரிக்கையும் போட்டது, மின்னும் காட்சியையும் திருத்தியது. பிறகு திருத்த முடிந்ததை முன்பே செய்திருக்கலாம் அல்லவா?

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய எச்சரிக்கை இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர் பொறுப்பு என்கிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலும் அவரே பொறுப்பு. ஆகவே எச்சரிக்கை என்பது கடமையின் முதல் பாதிதான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு நாளைக்குக் கேம் கம்பெனிக்குப் போகப்போகும் தம்பிகளே, மறு பாதி உங்கள் கையில் இருக்கிறது.

நம் வீட்டுப் பொறுப்பும் ஒன்று உண்டு. வலிப்பு வந்தால் மறைக்கிறோம். "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாதே" என்ற பயம். இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் மனசுதான் இன்னும் நீக்கவில்லை. மறைப்பதால் கூட இருக்கும் நண்பனுக்கும் தெரியாமல் போகிறது. அந்தப் பையன் மாமல்லபுரம் கடலில் குளிக்கும்போது வலிப்பு வந்தால் யார் பிடிப்பார்கள்?

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனை. இங்கேயே 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராத்தூக்கம் கெட்டு, இருட்டறையில் கேம் ஆடாதீர்கள். ஆடும்போது ஒரு மாதிரியாக இருந்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு திரையிலிருந்து திரும்பிவிடுங்கள். அப்புறம் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

செய்பவர் ஒளியைக் குறைக்கட்டும். நாம் ஒளிப்பதைக் குறைப்போம்.