பொதுச்செயலாளரை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

(திருவனந்தபுரம் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஐ.நா. பொதுச்செயலாளர் பதவியைப் பற்றி இந்நகரில் பேசும்போது 2006ஆம் ஆண்டு நினைவுக்கு வருவது இயல்பு. 2009 முதல் இத்தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்துவரும் சசி தரூர், அன்று இந்திய அரசின் வேட்பாளராக அப்பதவிக்குப் போட்டியிட்டார். அக்டோபர் 2இல் பாதுகாப்பு கவுன்சில் நடத்திய கடைசி மாதிரி வாக்கெடுப்பில் 10 நாடுகள் அவரை ஆதரித்தன. 3 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்த மூன்றில் ஒன்று வீட்டோ அதிகாரம் படைத்த நாடு. அவர் விலகிக்கொண்டார், தென்கொரியாவின் பான் கி மூன் தேர்வானார். தரூரின் அரசியலோடு நமக்குள்ள வேறுபாடு தனி விஷயம். தேர்வு எங்கே நடக்கிறது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பதவியில் இருப்பவருக்கும் இதே நிலைதான். 1996இல் எகிப்தின் பூட்ரோஸ் காலிக்கு இரண்டாவது பதவிக்காலம் வழங்க 15 உறுப்பு நாடுகளில் 14 சம்மதித்தன. அமெரிக்கா ஒன்றே மறுத்தது. அவர் வெளியேற நேர்ந்தது.

ஆகவே, தனிமனிதரின் திறமையையோ தேசத்தையோ மட்டும் வைத்து இப்பதவியை அளக்க இயலாது. கையிலுள்ள அதிகாரத்தை அவர் எப்போது, யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதே அளவுகோல். ஈராக் போர் சட்டவிரோதமானது என்று கோபி அன்னான் கூறினார்; ஆனால் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரே, 2004 செப்டம்பரில் கூறினார். காஸா மக்கள் குண்டுவீச்சில் மடிந்துகொண்டிருந்தபோது, 2023 டிசம்பர் 6இல் குட்டெரெஸ் ஐ.நா. சாசனத்தின் 99ஆவது பிரிவைக் கையிலெடுத்தார். இரு நாட்களில் போர்நிறுத்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 13 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டன் விலகி நின்றது. அமெரிக்கா வீட்டோவால் அதை வீழ்த்தியது. அவரால் போரை நிறுத்த முடியவில்லை. எனினும், தடுத்தது யார் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது.

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதே ஆண்டு அக்டோபர் 27இல் பொதுச்சபை போர்நிறுத்தம் கோரியபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பர் 12இல்தான் ஆதரித்தது. பாலஸ்தீனத்தோடு நின்ற நெடிய மரபுடைய நாடு தயங்கினால், பொதுச்செயலாளரின் குரலுக்கு வலு எங்கிருந்து வரும்?

2026 இறுதியில் குட்டெரெசின் பதவிக்காலம் முடிகிறது. எண்பது ஆண்டுகளில் ஒரு பெண்கூட அமராத நாற்காலி அது. அடுத்து வருபவர் எந்நாட்டவர் என்பதைவிட, வல்லரசின் முன் அவர் வாய் திறப்பாரா என்று கேட்போம். திறந்தால் இந்திய அரசு அவர் பக்கம் நிற்குமா என்றும் சேர்த்தே கேட்போம். முதல் கேள்விக்கான விடை நம் கையில் இல்லை. இரண்டாவதற்கான விடையை நம் மக்களின் போராட்டத்தால் மாற்ற முடியும்.