ஓசைக்கு அஞ்சிய முயல்
(ஆண்டு விழாவில் சிறுவர் படநூல்கள் குறித்து ஆற்றிய உரை)

 

அரும்பொருள்கள் பல பேசப்பட்ட இம்மேடையில் யாம் ஒரு முயலைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

புத்த சாதகக் கதைகள் 547. அவற்றுள் 322-ஆவது கதை இது. மேலைக் கடலருகே ஒரு காட்டில், வில்வ மரத்தடியில் நின்ற பனை வடலியின் நிழலில் ஒரு முயல் படுத்திருந்தது. "உலகம் இடிந்து விழுந்தால் எங்குச் செல்வோம்?" என்று அது எண்ணிய நொடியிலேயே, பழுத்த வில்வக் கனியொன்று ஓலைமீது தொப்பென விழுந்தது. முயல் திரும்பியும் பாராது ஓட்டம் பிடித்தது. அதனைக் கண்டு பிற முயல்கள் ஓடின; மானும் பன்றியும் எருமையும் காண்டாமிருகமும் புலியும் யானையும் பின்தொடர்ந்தன. ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிங்கம் மட்டுமே அவற்றைத் தடுத்து நிறுத்தி, "உலகம் அழிவதைக் கண்டவர் யார்?" என வினவிற்று. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சுட்ட, வினா முடிவில் முயலிடம் வந்து நின்றது.

இக்கதை உலகெங்கும் குடிபெயர்ந்துள்ளது. அமெரிக்காவில் எல்லன் பாபிட் 1912-இல் வெளியிட்ட நூலில், குரங்குகள் தேங்காயை நழுவவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் அர்சுலா டூபசார்ஸ்கி எழுதி, ஆண்ட்ரூ ஜாய்னர் வரைந்து, 2009-இல் வந்த படநூலில், இதனையொத்த ஒரு கதையில் ஆப்பிள் ஏரியில் விழுகிறது. ஊருக்கு ஊர் கனி மாறிற்று, ஓட்டம் மாறவில்லை.

இத்தகைய நூல்களைக் கண்டு குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிப்பதேன்? ஓவியர் விழுந்த கனியை ஒரு மூலையில் வரைந்துவிட்டால், யானையும் அறியாத உண்மையைக் குழந்தை அறிந்துகொள்கிறது. எதையும் கடைசியாகவே அறியும் குழந்தைக்கு இஃது எத்துணைப் பெருமிதம்!

ஆனால், நாம் சிரிப்பதற்கு உரிமை உடையோமா? சென்ற கோடையில் புழுதிப் புயல் வீசிய இரவில், நம் குடியிருப்பின் மாடியில் தடதடவென ஓசை எழுந்தது. முதல் வீட்டார் திருடன் என்றனர். மூன்றாம் வீட்டில் திருடர் இருவராயினர். கடைசி வீட்டை எட்டுமுன் நால்வராகிக் கையில் கத்தியும் பெற்றனர். விடியும்வரை ஒருவரும் மேலேறிப் பார்த்தோமில்லை. பொழுது புலர்ந்தபின் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது! அன்றிரவு நம்மைப் பற்றிக்கொண்டு நடுங்கிய பிள்ளைகள் நம்மிடம் கற்றது யாது?

அது மட்டுமோ? உண்ண மறுத்தால் பூச்சாண்டி, உறங்க மறுத்தால் போலீசுக்காரன் என்று நாமே நாள்தோறும் அச்சத்தை ஊட்டுகிறோம். எவர் எதைச் சொல்லினும் உண்மையை ஆராய்ந்தறிவதே அறிவு என்றார் வள்ளுவர். அவ்வறிவுக்கு வித்திட வேண்டிய வயதில் நாம் விதைப்பது என்ன?

சிங்கம் முயலைக் கடிந்துகொள்ளவில்லை, எள்ளி நகையாடவுமில்லை. தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வில்வ மரத்தை நோக்கிச் சென்றது. அருகே செல்ல அஞ்சிய முயல் தொலைவில் நின்று இடத்தைச் சுட்ட, சிங்கமே சென்று பார்த்துவந்து உண்மையை உரைத்தது.

பெற்றோர் கடமையும் அதுவே. இருளில் ஓசை கேட்டுக் குழந்தை ஓடிவந்தால், "ஒன்றுமில்லை, படு" என்று அதட்ட வேண்டா. முதுகில் ஏற்றிக்கொள்வோம், விளக்கேந்திச் சென்று கனியைக் காட்டுவோம்.