இருள் காட்டும் இரும்பு

படமெடுக்குமுன் உடலிற் செலுத்தப்படும் மருந்து நோயுள்ள இடத்தை ஒளிரச் செய்யும் என்றே பலரும் எண்ணுவர். ஈரலைப் படமெடுக்கவென 1996 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இரும்பொட்சைட்டு மருந்தோ நலமுள்ள இடத்தையே இருளச் செய்தது.

அதன் துணிக்கைகள் மிக நுண்ணியவை. மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறாக்கினால் வருவது ஒரு நனோமீற்றர். துணிக்கையின் காந்தக் கரு அத்தகைய சில நனோமீற்றர் அகலமே உடையது. நாளத்தில் ஏற்றியதும், குருதியைத் துப்புரவாக்குந் தொழிலையுடைய ஈரலின் குப்பர்க் கலங்கள் அவற்றை அந்நியப் பொருளெனக் கண்டு விழுங்கிவிடும். எம்.ஆர்.ஐ. படமோ உடலின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் தரும் சைகையால் ஆவது. இரும்பு சேர்ந்த இடத்திற் காந்தப்புலம் குழம்பிச் சைகை விரைவில் மங்க, நல்ல ஈரல் கறுக்கும். வேறிடத்திலிருந்து பரவிவந்த புற்றுக்கட்டியிற் குப்பர்க் கலங்கள் இல்லை; ஆகவே கட்டி மட்டும் வெளிறி நிற்கும். விழுங்கத் தெரியாமையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

அம்மருந்தின் உற்பத்தி பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும், வழக்கமான கடோலினிய மருந்துகள் சில, சிறுநீரகம் செயலிழந்தோருக்குத் தோல் இறுகும் கொடிய நோயைத் தரக்கூடும் என 2006 இல் தெரியவந்தபின், மருத்துவர் மீண்டும் இரும்பை நாடினர். சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்கென 2009 இல் அங்கீகாரம் பெற்ற பெருமொக்சிற்றோல் என்னும் இரும்பு மருந்தைச் சில வைத்தியசாலைகள் படமெடுக்கவும் பயன்படுத்தின. அவ்விரும்பை உடல் வீணாக்குவதில்லை. புதுக் குருதி ஆக்க எடுத்துக்கொள்ளும்.

எனினும் அம்மருந்தின் கடும் ஒவ்வாமையால் இறந்தோரும் உளர். 2015 இல் அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரிக்கையைக் கடுமையாக்கிற்று: மருந்தைக் கரைத்து மெதுவாகவே ஏற்றவேண்டும், ஏற்றியபின் அரைமணி நேரமாவது நோயாளியைக் கண்காணிக்கவேண்டும்.