சீவாளியும் நாதமும்

நேற்றிரவு நாட்றம்பள்ளியில் சுவாமி புறப்பாட்டுக்கு யாவும் ஆயத்தமாயிருந்த வேளையில், நாதசுர வித்துவான் சீவாளியை வாயிலிட்டு நனைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை நேரம்? மின்சார மேளத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பலாமே" என்று அன்பர் ஒருவர் முணுமுணுத்தது நம் செவியிலும் விழுந்தது. அவரைக் குறைகூற வரவில்லை. அந்தத் தாமதத்தின் காரணத்தைச் சொல்லவே விரும்புகிறோம்.

நாணல் தட்டையைப் பக்குவப்படுத்தி, இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று நோக்கச் செய்வது சீவாளி. நடுவே மெல்லிய பிளவு. வாயினுள் மூச்சு அழுத்தும்போது இதழ்கள் நெருங்கி மூடும். தம் நெகிழ்வினால் மீண்டும் திறக்கும். அவ்வாறு விட்டுவிட்டுச் செல்லும் காற்று கெண்டை வழியே உலவுக்குள் அலையாய் ஓடுகிறது. திறந்த துளையை எட்டியதும் அவ்வலையின் ஒரு பகுதி திரும்பி வந்து, இதழ்களைத் தன் தாளத்துக்கு ஆட்டுவிக்கிறது. இரண்டு கட்டைச் சுருதியில் ஆதார சட்சம் ஒலிக்கையில் இது நொடிக்கு ஏறத்தாழ 294 முறை நிகழ்கிறது! துடிப்பது இதழ், எத்தனை முறை என்று விதிப்பது பெரும்பாலும் குழலின் நீளம். குட்டையான திமிரியின் குரல் உயர்ந்தும், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கையாண்ட நீண்ட பாரியின் குரல் கனத்தும் இருப்பது இதனாலேயே.

உலவின் உட்குடைவு மேலே ஒடுங்கிக் கீழே விரிவது. ஆதலால் விரல்களை மாற்றாமல் மூச்சை இறுக்கினாலே சட்சம் மேல் சட்சமாகும். கிளாரினெட்டின் குடைவோ பெரும்பாலும் ஒரே அளவு. அங்கே அது மேல் பஞ்சமத்துக்குத் தாவிவிடும்.

நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆயினும் ஆச்சா மரத்தில் கடைந்த அந்த அருமையான குழலும் சீவாளி இல்லையேல் ஊமையே. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அண்டையில் வாழும் உங்களுக்குத் தோலின் குணத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை: காய்ந்தால் விறைக்கும், நனைந்தால் இளகும். சீவாளியும் அப்படியே. விறைத்த இதழ் எளிதில் துடிக்காது. மிகவும் ஊறியது சோர்ந்து பிளவை அடைத்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை வித்துவானின் நாவும் உதடும்தான் அறியும். கமகத்தின் குழைவும் அந்த உதட்டின் பிடியிலேதான் இருக்கிறது.

இன்றிரவும் அவர் சீவாளியை நனைப்பார். அதுவரை சுவாமி நமக்காகக் காத்திருப்பார். நாமும் சற்றே காத்திருப்போமாக.