பிரிவு வந்தால் சொத்தையும் கடனையும் நேராகப் பங்கிடுவோம்

(எமது சங்கத்தின் மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, வேலை நாள் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசுவோம். புருஷனும் பெண்சாதியும் பிரியும்போது யாருக்கு எது, எந்தக் கடனை யார் கட்டுவது என்ற கணக்கு. குடும்பத்தைப் பிரிக்கச் சங்கம் வரவில்லை. சேர்ந்து வாழ முடிந்தால் எமக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் பிரிவு நடக்கிறது. ஆட்டோ ஒருவரோடு போகிறது, கடன்காரர் மற்றவரின் லயன் வாசலில் வந்து நிற்கிறார். இதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். விவாகரத்து ஆனால் சொத்து தானாகப் பாதி பாதியாகும் என்று பலர் நம்புகிறார்கள். மலையகத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் அப்படி இல்லை. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. அது எமக்குப் பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவிக்கு, கணவனின் சொத்து கணவனுக்கு. இது பெண்ணுக்கு நல்ல பாதுகாப்பு. அவளுடைய நகையை, சம்பளத்தை, சேமலாப நிதியைப் புருஷன் உரிமை கோர முடியாது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. இருவர் உழைப்பில் வாங்கிய பொருள் ஒருவர் பெயரில் இருந்தால், மற்றவர் தன் உழைப்பை எடுத்துக்காட்டி வாதாட வேண்டியிருக்கும்.

கடனும் அப்படித்தான். கையெழுத்து வைத்தவரே கடன்காரர். பிணை நின்றவரும் பொறுப்பாளி. விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டினாலும் லீசிங் கம்பனியோ குழுக் கடன் கொடுத்த நிறுவனமோ கையெழுத்தை விடாது. "அவர்தான் கட்டுவதாகச் சொன்னார்" என்பது நிறுவனத்தின் முன் செல்லாது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன் பெயரில் ஆட்டோ. இன்றைய விலை 9 இலட்சம் ரூபா. லீசிங் பாக்கி 4 இலட்சம். அதை வாங்க முற்பணம் கட்டியது மனைவியின் நகையை அடகு வைத்து; மீட்க 2 இலட்சம் வேண்டும். ஆட்டோவைத் திருத்த மனைவி பெயரில் எடுத்த குழுக் கடனில் 1 இலட்சம் பாக்கி. பத்திரத்தில் உள்ள பெயர்படி பிரித்தால் கணவனிடம் 5 இலட்சம் பெறுமதி மிஞ்சும். மனைவிக்கு மிஞ்சுவது 3 இலட்சம் கடன். கொழுந்து பறித்து வட்டி கட்டியவளுக்கு இது நியாயமா?

நேரான கணக்கு இது. எந்தப் பொருளுக்காகக் கடன் வாங்கப்பட்டதோ, அந்தப் பொருளோடு கடனும் போக வேண்டும். 9 இலட்சத்தில் 4, 2, 1 கழித்தால் 2 இலட்சம் மிஞ்சும். ஆளுக்கு 1 இலட்சம். ஆட்டோவைக் கணவன் வைத்துக்கொண்டால் லீசிங்கை அவர் கட்டட்டும். நகையை மீட்டுக் கொடுக்கட்டும். குழுக் கடனை அடைக்கட்டும். மேலும் 1 இலட்சம் மனைவிக்குக் கொடுக்கட்டும். மனைவி எடுத்த கடன் அவளுடைய சொந்தத் தேவைக்கானது என்றால் அதை அவளே கட்ட வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் வாங்கிய கடன், தீபாவளி முற்பணம், கடைக்கணக்கு ஆகியவற்றை இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்தான்.

இதை வாய்ப்பேச்சாக விடக்கூடாது. அடகுச் சீட்டு, லீசிங் ஒப்பந்தம், கடன் புத்தகம், சம்பளச் சீட்டு, சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். இணக்கம் எழுதும்போது யார், எந்தத் திகதிக்குள், எவ்வளவு கட்டுவது என்று தெளிவாக எழுத வேண்டும். கட்டத் தவறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். பிணையிலிருந்து பெயரை நீக்க நிறுவனத்தின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. அது கிடைக்காவிட்டால் அந்தக் கடனை முதலில் அடைப்பதே பாதுகாப்பு.

லயன் அறை நம் பெயரில் இல்லை, அதைப் பங்கு போட முடியாது. பிள்ளைகளோடு யார் தங்குவது என்பதைத் தோட்ட நிர்வாகத்தோடு பேச வேண்டும். அதில் சங்கம் கூட நிற்கும். 7 பேர்ச் காணி கிடைத்தவர்கள் உறுதியில் யார் பெயர் இருக்கிறது, என்ன நிபந்தனை இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன் உறுதி எழுத வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் காணி மாறாது.

விவாகரத்தை மாவட்ட நீதிமன்றம் மட்டுமே கொடுக்கலாம். தோட்டத் தலைவரோ, பொலிசோ, மத்தியஸ்த சபையோ கொடுக்க முடியாது. இருவரும் சம்மதித்தோம் என்பது மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. ஆனால் சொத்து, கடன் பற்றிய இணக்கத்தை வழக்கில் பதியச் செய்யலாம். ஒருவர் மற்றவருக்குப் பணமோ சொத்தோ கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்குப் பத்திரத்திலேயே அதைக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் தாபரிப்பு வேறு கணக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் அதைக் கேட்கலாம். "ஆட்டோவை நீ எடுத்துக்கொள், பிள்ளைச் செலவு வேண்டாம்" என்று எந்தத் தாயும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அது பிள்ளையின் உரிமை.

வழக்கில்லாமல் பல வருடம் பிரிந்து வாழ்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீதிமன்றம் பிரிக்கும்வரை நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். ஒருவர் இறுதிச் சாசனம் எழுதாமல் இறந்தால், அவர் சொத்தில் பாதி உயிரோடு இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ போகும். கூட இருந்து பார்த்தவருக்குப் போகாது. சேமலாப நிதியில் பின்னுரித்தாளர் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லையென்று யாரும் பின்வாங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. பத்திரங்களைத் திரட்டவும், கணக்கை எழுதவும், உங்களோடு அங்கு வரவும் மாதர் கிளைத் தோழிகள் தயார். எந்தக் கடனுக்கும் கையெழுத்து வைக்கும் முன்பே வந்து கேளுங்கள். பிரிந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.